யார் யாருக்குச் சொல்லியாச்சு?

சனிக்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். கிரைண்டரில் உளுந்தைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன். பாத்ரூமிலிருந்து மகள் கூப்பிட்டாள். கத்தவில்லை, அழவில்லை. "அம்மா, கொஞ்சம் வாயேன்" என்றாள். போனால், கதவை ஒரு சாண் திறந்து, "வந்துருச்சுன்னு நினைக்கிறேன்" என்றாள். பள்ளிக்கூடப் பையில் நான் போட்டு வைத்திருந்த பேடை அவளே எடுத்து வந்திருந்தாள். ஒட்டுகிற பக்கம் எது, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் எல்லாம் தெரிந்திருந்தது. "வலிக்குதாடி?" என்றேன். "லேசா. நீ மாவப் பாரு, கிரைண்டர் ஓடுது" என்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசி வைத்தது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெருமையோடுதான் போனை எடுத்தேன்.

திருமங்கலத்தில் இருக்கும் அம்மாவுக்கு முதலில் சொன்னேன். அம்மா போனிலேயே குலவை போட்டாள். அடுத்து நாத்தனாருக்குச் சொன்னேன், இல்லாவிட்டால் பிறகு குறையாகிவிடும். அம்மா அண்ணனுக்குச் சொல்லியிருக்கிறாள். பன்னிரண்டு மணிக்கு அண்ணன் வீடியோ காலில் வந்துவிட்டான். பின்னால் அண்ணி, அண்ணன் பிள்ளைகள், அவன் கடையில் வேலை பார்க்கும் பையன் வரை நிற்கிறார்கள். "எங்க என் மருமக? பெரிய மனுஷி ஆயிட்டாகளாமே!" என்றான். பாசம்தான், வேறொன்றும் இல்லை. மகள் போனை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காலையில் சாத்தாத கதவு.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து ஒன்றே ஒன்று கேட்டாள். "யார் யாருக்குச் சொல்லியாச்சு?"

விரல் விட்டு எண்ணினேன். பதினொரு பேர். அதில் கீழ் வீட்டு அக்காவும் உண்டு. அவருக்கு ஏன் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. நாத்தனார் மகள் இவள் படிக்கிற பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறாள். திங்கட்கிழமைக்குள் வகுப்புக்கே தெரிந்துவிடும் என்று என் மகள் கணக்குப் போட்டது அவள் முகத்திலேயே தெரிந்தது. எனக்கு மட்டும் அந்தக் கணக்கு தோன்றவே இல்லை.

இத்தனைக்கும் பாடம் எனக்கு ஏற்கெனவே நடந்திருந்தது. மகளுக்கு ஒன்பதரை வயதில் மார்பில் ஒரு பக்கம் மட்டும் நெல்லிக்காய் அளவில் கட்டியாகத் தட்டுப்பட்டது. தொட்டால் வலி. நான் வழக்கம்போல நெட்டில் தேடி, ராத்திரி முழுக்கத் தூங்காமல், காலையில் குழந்தைகள் டாக்டரிடம் ஓடினேன். அந்த டாக்டரம்மா என்னிடம் பேசவே இல்லை. மகளைப் பார்த்து, "நான் தொட்டுப் பார்க்கலாமா? அம்மா உள்ள இருக்கணுமா, வெளிய இருக்கட்டுமா?" என்று கேட்டார். மகள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "இருக்கட்டும்" என்றாள். எனக்கு அது புதுசு. என் பெண்ணோடு ஒரு அறையில் இருப்பதற்கு அவளிடம் அனுமதி வாங்கியா?

அவர் விளக்கியதும் மகளுக்குத்தான். மார்பு வளர ஆரம்பிக்கும்போது பல பேருக்கு ஒரு பக்கம்தான் முதலில் வரும், இன்னொரு பக்கம் சில மாதம் கழித்து வரும், இது கட்டி இல்லை. இது தொடங்கி ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருஷத்தில் மாதவிடாய் வரும். வந்த புதிதில் ஓரிரு வருஷம் முன்பின்னாகத்தான் வரும், பயப்பட வேண்டாம். எட்டு வயசுக்கு முன்பே இந்த மாற்றமெல்லாம் தெரிந்தாலோ, பதிமூன்று ஆகியும் ஒன்றுமே தொடங்கவில்லை என்றாலோ, பதினைந்து முடிந்தும் மாதவிடாய் வரவில்லை என்றாலோ காட்ட வேண்டும். அவர் சொன்ன கணக்கு அப்படியே பலித்தது. பன்னிரண்டு முடிய ஒரு மாதம் இருக்கும்போது வந்தது. அந்த அறையில் நடந்ததில் உடம்பு பற்றிய பாடத்தை ஒப்பித்து வைத்துக்கொண்டேன், அவர் கேட்ட கேள்வியை மறந்துவிட்டேன்.

எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் வளரிளம் பருவமடைதல் என்று ஒரு பாடமே இருக்கிறது. நல்ல பாடம். ஆனால் எட்டாம் வகுப்பு வருவதற்குள் பாதிப் பெண்களுக்காவது விஷயம் முடிந்துவிடுகிறதே, நான்காம் வகுப்பிலேயே வீட்டில் ஆரம்பித்தால்தான் சரி வரும். எனக்கெல்லாம் இந்தப் பாடத்தை டீச்சர், "இது வீட்டுல படிச்சுக்கோங்க" என்று தாண்டிப் போனார். வீட்டில் யார் படிப்பது?

என் கதை 1994ல் நடந்தது. திருமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். மாமா தென்னை ஓலை வெட்டி வந்து வீட்டு முற்றத்து ஓரத்தில் குச்சு கட்டினார். வாசலில் உலக்கையைக் குறுக்கே போட்டார்கள். பதினாறு நாள். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். தினமும் காலையில் பச்சை முட்டை, அதைக் குடித்த ஓட்டிலேயே நல்லெண்ணெய். பிறகு உளுந்தங்களி, நடுவில் குழி பறித்து எண்ணெயும் கருப்பட்டியும். அதெல்லாம் உடம்புக்கு நல்லது என்றார்கள், ருசியும் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்பத்தா எண்ணெய் தேய்த்துவிட்ட மாதிரி அதற்குப் பிறகு யாரும் தேய்த்துவிட்டதில்லை. முதல் பட்டுச்சேலையும் அப்போதுதான்.

பதினாறாம் நாள் குழாய் ரேடியோ கட்டினார்கள். தெரு முழுக்கத் தோரணம். இருபத்தோரு தட்டு சீரோடு மாமா ஊர்வலமாக வந்தார். எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் வந்து 21 ரூபாய் மொய் எழுதிவிட்டுச் சாப்பிட்டுப் போனார். என் வகுப்புப் பையன்கள் நான்கு பேர் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். சேலை கட்டி, மாலை போட்டு, மணையில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரே யோசனைதான். திங்கட்கிழமை கணக்குப் பீரியடில் நான் எப்படி நிமிர்ந்து உட்காருவது? ரத்தம் ஏன் வருகிறது என்று அந்தப் பதினாறு நாளில் ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று, எனக்குச் சொல்ல மட்டும் ஆள் இல்லை.

நம் பேச்சில் இதற்கு இருக்கிற சொற்களைப் பாருங்கள். முதல் முறை வந்தால் வயசுக்கு வந்தாள், ஆளானாள், சமைந்தாள், திரண்டாள், பெரிய மனுஷி ஆனாள். யாழ்ப்பாணத்தில் சாமத்தியப்பட்டாள் என்பார்கள். எல்லாம் மாலையும் கழுத்துமான சொற்கள். அடுத்த மாதம் அதே ரத்தம் வந்தால் தூரம், விலக்கு, ஒதுக்கம், "வெளிய உக்காந்திருக்கா". ஒரே மாதத்தில் கொண்டாட்டம் தீண்டாமையாகிவிடும். மெடிக்கலில் பேட் வாங்கினால் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டுத்தான் கொடுப்பார்கள். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு காய்கறிக்கடையில் கவர் கேட்டால் முறைத்தார்கள், ஆனால் எங்கள் தெரு மெடிக்கலில் பேடுக்கு மட்டும் எங்கிருந்தோ கறுப்புக் கவர் வந்துகொண்டே இருந்தது. பல வருஷமாக அரசாங்கமே கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கு இலவசமாக நாப்கின் கொடுக்கிறது. பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று வாங்குகிற பொருளைக் கடையில் மட்டும் கள்ளச்சாராயம் மாதிரி வாங்குகிறோம். நானும்தான். பக்கத்தில் ஆம்பிளை யாராவது நின்றால், முதலில் இருமல் மருந்து கேட்டுக்கொண்டு நிற்பேன்.

இதற்கெல்லாம் விதை சின்ன வயசிலேயே விழுந்துவிடுகிறது. இரண்டு வயசுக் குழந்தை டிரவுசர் இல்லாமல் ஓடினால், "ஷேம் ஷேம், பப்பி ஷேம்" என்று கைகொட்டிச் சிரிக்கிறோம். பல வீட்டில் அந்த உறுப்பின் பெயரே ஷேம் ஷேம்தான். என் பையன் மூன்று வயசில், "ஷேம் ஷேம்ல கொசு கடிச்சிருச்சு" என்று வந்து சொல்லியிருக்கிறான். கண் என்றால் கண், காது என்றால் காது, இது மட்டும் அவமானம். அப்படிப் பெயர் வைத்துவிட்டு, பத்து வருஷம் கழித்து, "எதுவா இருந்தாலும் அம்மாகிட்ட சொல்லு" என்றால் அவன் எந்த வார்த்தையை வைத்துச் சொல்வான்?

பையனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. மகளைவிட இரண்டு வயசு பெரியவன். பெண்ணுக்காவது ரேடியோ கட்டி ஊரைக் கூட்டினார்கள், பையனுக்கு அதுவும் கிடையாது. பேதை, பெதும்பை, மங்கை என்று பெண்ணுக்கு ஏழு பருவம் சொன்ன மொழி இது. ஆணுக்குச் சொன்ன பெயர்களில் பேச்சில் மிஞ்சியிருப்பது விடலை ஒன்றுதான், அதையும் திட்டுவதற்குத்தான் வைத்திருக்கிறோம்.

அவனுக்குப் பதிமூன்று நடந்தபோது ஒரு நாள் விடியற்காலையில் மொட்டை மாடிக் கொடியில் அவனுடைய பெட்ஷீட் காய்ந்துகொண்டிருந்தது. அலசாமல் அப்படியே காயப்போட்டிருந்தான், சோப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மறுவாரமும் அதே. சாப்பாட்டு நேரத்தில், அவன் அத்தை வந்திருந்தபோது, "இங்க ஒரு அதிசயம் கேளுங்க, தட்டைக்கூட எடுத்து வைக்காத தொரை இப்பல்லாம் பெட்ஷீட் துவைக்கிறாரு" என்றேன். அத்தை சிரித்தார். நானும் சிரித்தேன். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். காது மடல் இரண்டும் சிவந்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சத்தியமாக அந்த நிமிஷம் வரை எனக்குத் தோன்றவில்லை. எனக்கு அண்ணன் உண்டு, புருஷன் உண்டு, ஆனால் பையன்கள் எப்படி வளர்கிறார்கள் என்பது எனக்கு ஒரு வரிகூடத் தெரியாது.

ராத்திரி எங்க வீட்டுக்காரரிடம், "நீங்கதான் பேசணும்" என்றேன். அவர் இரண்டு வாரம் தள்ளிப் போட்டார். அவருக்கு யாரும் எதுவும் சொன்னதில்லை. அவர் படித்ததெல்லாம் சுவரில். கோயம்புத்தூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, லாட்ஜில் அறை எடுத்து மாதத்தில் இரண்டு நாள் வைத்தியம் பார்க்கிறவர்களின் போஸ்டர்கள் ஒட்டியிருக்குமே, நரம்புத் தளர்ச்சி, தூக்கத்தில் விந்து வெளியேறுதல், இளமையில் செய்த தவறு. அப்புறம் அதே ஆட்கள் ராத்திரி டிவிக்கு வந்தார்கள். ஒரு சொட்டு விந்து நாற்பது சொட்டு ரத்தத்துக்குச் சமம் என்று நம்பி, பத்தாம் வகுப்பில் ஒரு வருஷம் முழுக்கத் தான் சாகப் போவதாக நினைத்துக்கொண்டிருந்ததாக அன்றைக்குத்தான் சொன்னார். கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்து! இந்தப் பயத்துக்கு மருத்துவத்தில் ஒரு பெயரே இருக்கிறது. என். என். விக் என்ற மனநல மருத்துவர் 1960ல் இதைத் 'தாத்' நோய்க்குறி என்று எழுதினார், தாது என்கிறோமே அதுதான். விந்து போவதில் நோய் எதுவும் இல்லை, அது போகிறதே என்கிற பயம்தான் ஆளைப் படுத்துகிறது.

கடைசியில் வண்டியில் போகும்போது பேசுவது என்று முடிவு செய்தார். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டாம் அல்லவா. மருதமலை போகிற வழி. ஆனால் தலையில் ஹெல்மெட் இருப்பதை மறந்துவிட்டார். பின்னால் இருப்பவனுக்குக் காது கேட்கவில்லை. லாலி ரோடு சிக்னலில் வண்டி நிற்க, "தூக்கத்துல தானா வர்றது சாமி, எல்லாப் பசங்களுக்கும் வரும்" என்று இவர் கத்த, பக்கத்து ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்திருக்கிறார். அப்பனும் மகனும் வடவள்ளி டீக்கடையில் இறங்கி, சிரித்து முடித்து, பிறகுதான் ஒழுங்காகப் பேசினார்களாம். குரல் உடைவது, பருக்கள், பையன்களுக்கும் கொஞ்ச காலம் மார்பு லேசாக வீங்குவது எல்லாம். கடைசியாகச் சொன்னது எனக்கும் புதுச் செய்தி. ஏறக்குறைய பாதிப் பையன்களுக்கு அப்படி வருமாம், பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் தானாக அடங்கிவிடுமாம். அந்தக் கோடையில் கோவைக் குற்றாலத்தில் இவன் சட்டையைக் கழற்றாமல் நின்றதற்கும், சித்தப்பா பையன்கள் ஏதோ பேர் வைத்துக் கூப்பிட்டதற்கும் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது.

நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பெட்ஷீட் பற்றி எதுவும் பேசவில்லை, "அத்தை முன்னாடி உன்னைக் கிண்டல் பண்ணினது தப்பு" என்று மட்டும். "சரி விடும்மா" என்றான். அவன் அறையில் துவைத்த பெட்ஷீட் இரண்டு கூடுதலாக வைத்தேன். அழுக்குக் கூடையில் எதைப் போட்டாலும் யாரும் கேள்வி கேட்பதில்லை.

அப்புறம் கதவு. நான் வளர்ந்த வீட்டில் ஒரே கூடம், எட்டுப் பேர் வரிசையாகப் படுப்போம். உடை மாற்றக் கதவுக்குப் பின்னால் ஒரு முக்கோண இடம், அதற்கும், "கதவைச் சாத்திக்கிட்டு என்னடி பண்ற?" என்று குரல் வந்துவிடும். அந்தரங்கம் என்ற சொல்லைச் சொன்னாலே நமக்கு ஏதோ திருட்டு வாசனை அடிக்கிறது. தனியுரிமை என்பது பேப்பர் சொல். வீட்டில் யாரும், "எனக்குத் தனியுரிமை வேண்டும்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? பிள்ளைகள் பிரைவசி என்கிறார்கள், நாம், "எனக்குத் தெரியாம உனக்கென்ன பிரைவசி?" என்கிறோம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24ந் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொல்லிவிட்டார்கள். அது டெல்லியிலிருந்து கிளம்பி எங்கள் வீட்டுப் பெட்ரூம் கதவுக்கு வந்துசேர இன்னும் சில வருஷம் ஆனது.

இப்போது தட்டுகிறோம். தட்டிக்கொண்டே திறப்பது என் பழக்கம், அது தட்டுவதில் சேராது என்று மகள் சொல்லித்தான் தெரிந்தது. பதில் வரும்வரை நிற்க வேண்டும். கையில் பால் டம்ளரோடு நிற்கும்போது எரிச்சலாகத்தான் இருக்கும், நிற்கிறேன். போன் விஷயத்தில் நான் அவ்வளவு தாராளம் இல்லை. பன்னிரண்டு வயசுப் பிள்ளையின் போனைப் பார்க்கவே கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனால் தூங்கியபிறகு எடுத்து நோண்டுவதில்லை. "இன்னிக்குப் பார்க்கப் போறேன்" என்று சொல்லி, அவள் பக்கத்தில் இருக்கும்போதே பார்க்கிறேன். படித்ததை அத்தையிடமும் பாட்டியிடமும் சொல்லிச் சிரிப்பதில்லை. இது கடைசியாகக் கற்றுக்கொண்டது.

இன்னொன்றையும் இரண்டு பேரிடமும் பச்சையாகவே சொல்லியிருக்கிறோம். உன் உடம்பு உன் அந்தரங்கம். ஆனால் யாராவது உன்னைத் தொட்டுவிட்டு, அல்லது அவர்களைத் தொடச் சொல்லிவிட்டு, "அம்மாகிட்ட சொல்லாத" என்றால் அது அவர்களுடைய ரகசியம், அதை நீ காப்பாற்ற வேண்டியதில்லை. அது மாமாவாக இருந்தாலும், வாத்தியாராக இருந்தாலும் சரி. 1098 குழந்தைகள் உதவிக்குக் கூப்பிடுகிற நம்பர் என்று இரண்டு பேருக்கும் தெரியும். உறுப்புகளின் பெயர்கள் தெரியும், புத்தகப் பெயர்கள்தான். முதலில் சொல்லும்போது எனக்குத்தான் நாக்குத் தடுமாறியது.

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். பதினொரு பேருக்குச் சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. நாத்தனாருக்குப் போன் செய்து, அவர் மகளிடம் இதைப் பள்ளிக்கூடத்தில் பேச வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். அவர் கொஞ்சம் வருத்தப்பட்டார். அம்மாவோடுதான் பெரிய சண்டை. சடங்கு வைக்காமல் எப்படி? இருபது வருஷமாக ஊர் முழுக்க மொய் செய்திருக்கிறாள், நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறாள். "வச்ச மொய்யை எப்படிடி எடுக்கிறது? உனக்கென்ன, கோயம்புத்தூர்ல உக்காந்துக்கிட்டுச் சட்டம் பேசுற" என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அது வீண் ஆடம்பரம் மட்டும் இல்லை, ஊரோடு கொடுத்து வாங்குகிற கணக்கு.

நான் பதில் சொல்லாமல், "அவகிட்டயே கேளுங்க" என்று போனைக் கொடுத்தேன். மகள் அறைக்குள் எடுத்துப்போனாள். அரை மணி நேரம். வெளியே வரும்போது பேச்சு முடிந்திருந்தது. பட்டுப்பாவாடை தாவணி உண்டு. மாமா போடுகிற செயின் உண்டு, அதில் அவளுக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. வீட்டு ஆட்கள் மட்டும், எங்கள் வீட்டு ஹாலில். ஃபிளெக்ஸ் கிடையாது, பத்திரிகை கிடையாது, எல்லார் முன்னாலும் தண்ணீர் ஊற்றுவது கிடையவே கிடையாது, அவளே பாத்ரூமில் குளித்துவிட்டு வருவாள். உளுந்தங்களி உண்டு. பச்சை முட்டை கிடையாது.

"அம்மாச்சி மொய்க்கு என்ன சொன்னாங்க?" என்றேன்.

"மாமா வீட்ல தங்கச்சிக்கு வைக்கும்போது சேர்த்து எடுத்துக்கிறாங்களாம்."

அந்தத் தங்கச்சி போன மாதம் பெரியவளானாள். அண்ணிதான் எனக்குப் போன் செய்து சொன்னார். நான் மகளிடம், "அவளுக்கு ஒரு போன் போட்டுப் பேசேன், சந்தோஷப்படுவா" என்றேன். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"அவ சொல்லச் சொன்னாளா, அத்தையா சொன்னாங்களா?"

"அத்தைதான்."

"அப்ப அவளே சொல்லட்டும்மா" என்று பக்கத்தைத் திருப்பினாள்.